மருந்து விலை ஏறினால் யாருக்கும் கோபம் வராதது ஏன்?

2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் ஏறியபோது கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறியல், கைது, எதிர்க்கட்சிகளின் ஆர்ப்பாட்டம் என்று ஊர் கொதித்தது. கடைசியில் அரசு கொஞ்சம் இறங்கிவந்து கட்டணத்தைக் குறைத்தது. பால் விலை ஏறினாலும் ஏறக்குறைய இதே கதைதான். 1998-ல் டெல்லியில் ஆட்சி மாறியதற்கு வெங்காய விலைதான் காரணம் என்று இன்றுவரை பேசுகிறோம்.

2022 ஏப்ரலில் அத்தியாவசிய மருந்துகளின் உச்சவரம்பு விலையை 10.77 சதவீதம் ஏற்றிக்கொள்ள மருந்து நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு 12.12 சதவீதம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் இரண்டே ஆண்டில் ஏறத்தாழ 24 சதவீதம். எல்லா நிறுவனமும் முழு அளவுக்கு ஏற்றியிருக்காது, சரி. ஆனாலும் சுகர், பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா என்று தினமும் விழுங்கியாக வேண்டிய மாத்திரைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாளிதழில் ஒருநாள் செய்தி, தொலைக்காட்சியில் அரைமணி நேர விவாதம், அதோடு முடிந்தது. மருந்துக் கடை முன்னால் யாரும் மறியல் செய்யவில்லை.

மக்களுக்கு அக்கறை இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு ரூபாய் டிக்கெட் விலைக்காகப் பேருந்தில் நடத்துநரோடு மல்லுக்கு நிற்கிற அதே மனிதர்தான் மெடிக்கலில் எண்ணூறு ரூபாயை மறுபேச்சில்லாமல் எடுத்து வைக்கிறார். இது அவருடைய குணத்தில் வந்த மாற்றம் அல்ல. மருந்து நம் கைக்கு வந்துசேருகிற விதத்திலேயே கோபம் வராமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு இருக்கிறது.

முதலில் விலை எப்படி முடிவாகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

சுதந்திரம் அடைந்த புதிதில் இந்தியா மருந்து மலிவான நாடு அல்ல. பெரும்பாலான மருந்துகள் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. அமெரிக்க செனட்டில் கெஃபாவர் தலைமையில் மருந்து விலையை ஆராய்ந்த குழு, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று குறிப்பிட்டது. பிறகுதான் காற்று திசை மாறியது. 1970-ன் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்று வைத்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்தால் தப்பில்லை என்றானதும் உள்ளூர் நிறுவனங்கள் வளர்ந்தன. கூடவே விலைக் கட்டுப்பாடும் வந்தது. 1979-ல் 347 மருந்துகள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 1987-ல் அது 142 ஆனது. 1995-ல் 74. தாராளமயம் வர வர, பட்டியல் இளைத்துக்கொண்டே வந்தது. 2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி மருந்துக்கே காப்புரிமை என்ற முறையும் திரும்பி வந்தது.

2013-ல் இப்போதைய விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பட்டியல் மறுபடி பெருத்தது. 348 அத்தியாவசிய மருந்துகளின் விலைக்கு உச்சவரம்பு வந்தது. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. அகில இந்திய மருந்துச் செயல்பாட்டு வலையமைப்பு என்ற அமைப்பும், வதோதராவில் குறைந்த விலைக்கு மருந்து தயாரிக்கும் லோகாஸ்ட் நிறுவனமும் 2003-லிருந்து உச்சநீதிமன்றத்தில் இதற்காக நடையாய் நடந்தார்கள். பட்டியல் பெருத்தது, ஆனால் கணக்குப் போடும் முறை மாறிவிட்டது. முன்பு ஒரு மாத்திரையைத் தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்த்து, அதற்கு மேல் இவ்வளவு என்று விலை வைத்தார்கள். இப்போது சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ அதன் சராசரியே உச்சவரம்பு.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரே மருந்தை ஐந்து நிறுவனங்கள் கடைக்காரருக்கு 10, 12, 14, 60, 64 ரூபாய்க்குத் தருகின்றன. சராசரி 32. அதோடு கடைக்காரர் லாபம் 16 சதவீதம். 37 ரூபாய் சொச்சம் என்று உச்சவரம்பு வரும். 64 ரூபாய் நிறுவனம் இறங்கித்தான் ஆக வேண்டும், அதில் நன்மை உண்டு. ஆனால் பத்து ரூபாய்க்கு ஒருவரால் செய்து, விற்று, லாபமும் பார்க்க முடிகிறது என்ற உண்மைக்கு இந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. தவிர, பட்டியலில் இருப்பது குறிப்பிட்ட மருந்து, குறிப்பிட்ட அளவு. பட்டியலில் உள்ள இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்துவிட்டால் அந்த உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது. இப்படிப்பட்ட புதிய கூட்டுகளுக்குத் தேசிய மருந்து விலை ஆணையம் தனியாக விலை வைக்கும் வழி இருக்கிறது என்றாலும், அது வேறு விலை. நம் ஊரில் கூட்டு மாத்திரைகள் ஏன் இவ்வளவு என்பதற்கு மருத்துவக் காரணம் மட்டும் தேடினால் போதாது.

பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருந்துகள்தான் சந்தையின் பெரும்பகுதி. விற்பனை மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கு என்று சொல்லலாம். அவற்றுக்கு விதி ஒன்றே ஒன்று: ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. முதல்நாள் என்ன விலை வைப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம்.

சரி, இனி கடைக்கு வருவோம்.

ஒரு தெருமுனை மெடிக்கலில் மாலை ஏழு மணிக்கு அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். சீட்டை நீட்டுகிறார் ஒரு பெரியவர். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்கிறார். தொகையைக் கேட்டதும், "நாலு நாளைக்கு மட்டும் குடுங்க தம்பி, மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கிறேன்" என்கிறார். கடைப் பையன் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டுகிறான். வெட்டுவது எப்போதும் ஒரு ஓரத்திலிருந்துதான். எம்.ஆர்.பி., காலாவதித் தேதி, பேட்ச் எண் எல்லாம் அச்சாகியிருக்கும் ஓரம் கடையிலேயே தங்கிவிடும். பெரியவர் கையில் போவது விலையும் தேதியும் இல்லாத ஏழெட்டு மாத்திரைகள். சின்னக் காகித உறையில் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. பில் வேண்டுமா என்று அவனும் கேட்பதில்லை, இவரும் கேட்பதில்லை.

முழு அட்டையே வாங்கினாலும் நிலைமை பெரிதாக மாறாது. மருந்தின் உண்மைப் பெயரை, அதாவது மூலப்பெயரை, பிராண்ட் பெயரைவிட இரண்டு அளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. ஆனாலும் வண்ணத்தில், எழுத்து வடிவத்தில் பளிச்சென்று தெரிவது பிராண்ட் பெயராகவே இருக்கிறது. சுகர் மருந்தான மெட்ஃபார்மினை, அந்தப் பெயர் தெரியாமலேயே, பதினைந்து வருடம் விழுங்கியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் விழுங்குகிறார், வேறு பெயரில், வேறு விலையில். இரண்டு பேரும் சேர்ந்து காலையில் நடைப்பயிற்சிக்குப் போவார்கள். தக்காளி விலையைப் பேசுவார்கள். மாத்திரை விலையை ஒப்பிட மாட்டார்கள், ஒப்பிடலாம் என்பதே தெரியாது. வெங்காயத்துக்கு ஊர் முழுக்க ஒரே பெயர், அதனால் ஒரே கோபம். மருந்துக்கோ ஆயிரக்கணக்கான பெயர்கள்.

இதைவிட அடிப்படையான சிக்கல், தேர்ந்தெடுப்பவர் காசு கொடுப்பதில்லை, காசு கொடுப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை என்பது. செல்போன் வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். மருந்தில் டாக்டர் எழுதியதுதான் மருந்து. கடைக்காரர் நினைத்தாலும் மாற்றிக் கொடுக்க முடியாது. மருந்து விதிகளில் 65-வது விதியின் ஒரு உட்பிரிவு இதைத் தெளிவாகவே தடுக்கிறது: சீட்டில் எழுதிய அட்டவணை மருந்துக்கு (டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துக்கு) பதிலாக, அதே வேதிப்பொருள் உள்ளதாக இருந்தாலும்கூட, வேறொன்றைக் கொடுக்கக்கூடாது. நோயாளியின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதி. நடைமுறையில் பிராண்டுக்குக் காவலாக நிற்கிறது.

அப்போது டாக்டர் எதை எழுதுகிறார் என்பதில்தான் பணமெல்லாம் இருக்கிறது. அதனால்தான் கிளினிக் வாசலில் டை கட்டிய மெடிக்கல் ரெப்கள் பையோடு காத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, மாத இலக்கு என்ற கத்தி அவர்கள் கழுத்தில். 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்துக்கு வந்த ஒரு வருமான வரி வழக்கு இந்த உலகத்தைக் கொஞ்சம் திறந்து காட்டியது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் தன்னுடைய சத்து மாத்திரையைப் பிரபலப்படுத்த டாக்டர்களுக்குக் கொடுத்த பரிசுப் பொருள்களின் செலவைத் தொழில் செலவாகக் காட்டி வரிவிலக்கு கேட்டது. டாக்டர்கள் வாங்கக்கூடாது என்று விதி இருக்கும்போது கொடுப்பவர் மட்டும் அதற்கு வரிச்சலுகை கேட்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தப் பரிசுகளின் செலவு கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. இத்தனைக்கும் வழக்கு மருந்து விலை பற்றியதே அல்ல, வரி பற்றியது. நோயாளிகள் தரப்பில் அந்த வழக்கில் யாரும் இல்லை.

டாக்டர்கள் மூலப்பெயரிலேயே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி போட்டது. மீறினால் நடவடிக்கை என்றும் இருந்தது. இந்திய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அதே மாதத்திலேயே விதி நிறுத்திவைக்கப்பட்டது. டாக்டர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது: நான் மூலப்பெயர் எழுதினால் எந்தக் கம்பெனி மாத்திரை என்பதை மருந்துக் கடைக்காரர் முடிவு செய்வார், எதில் அவருக்கு லாபம் அதிகமோ அதைக் கொடுப்பார், தரத்துக்கு யார் பொறுப்பு? நியாயமான கேள்விதான். டாக்டர் கையிலிருந்து அதிகாரம் நோயாளி கைக்குப் போகாது, கடைக்காரர் கைக்குப் போகும்.

கடைக்காரர் லாபம் என்று வரும்போது அந்த இருபது சதவீதத் தள்ளுபடிப் பலகையையும் சொல்ல வேண்டும். இன்று பெரிய ஊர்களில் பலகை இல்லாத மெடிக்கல் இல்லை. ஜெனரிக் என்ற பெயரில் கடைகளுக்கு நேரடியாகப் போகும் மாத்திரைகளில் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் அட்டையில் அச்சாகியிருக்கும் விலைக்கும் பல மடங்கு இடைவெளி இருப்பது தொழிலில் உள்ளவர்களுக்குப் பழகிய விஷயம். அதில் இருபது சதவீதம் விட்டுக்கொடுத்தால் கடைக்காரருக்கு ஒன்றும் குறையாது. வாங்குபவருக்கோ நூற்றைம்பது ரூபாய் மிச்சமான சந்தோஷம். கோபம் வர வேண்டிய இடத்தில் நன்றி வருகிறது. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற எல்லை. அந்த எல்லையை யார், எதை வைத்துப் போட்டார்கள் என்று தள்ளுபடிப் பலகை கேட்க விடுவதில்லை.

மருத்துவமனைக்குள் போய்விட்டால் தள்ளுபடியும் கிடையாது. டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களைத் தேசிய மருந்து விலை ஆணையம் ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. மருந்து, ஊசி, கையுறை போன்ற சாமான்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தார்கள். இதில் பெரிய அதிர்ச்சி சதவீதம் அல்ல. மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளுக்காக எம்.ஆர்.பி.யே கூடுதலாக அச்சிடப்படுகிறது என்று ஆணையம் கண்டதுதான். அதாவது சட்டப்படி எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. உள்நோயாளி வெளியில் போய் வாங்கவும் முடியாது. இப்படிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று தொடரப்பட்ட வழக்கை 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம், மாநிலங்கள் கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி முடித்துவைத்தது.

ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் போய், பில்லில் கையுறைக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். முறைப்பார்கள். உள்ளே அப்பா படுத்திருக்கும்போது பேரம் பேசுவது அப்பா உயிருக்கு விலை பேசுவது போலத் தோன்றும். உறவினர்கள் வேறு சுற்றி நிற்பார்கள். அவர் பிழைத்து வீடு திரும்பினால் அந்தப் பத்து நாளை யாரும் நினைக்க விரும்புவதில்லை. பிழைக்கவில்லை என்றால், பில்லைப் பற்றிப் பேச அது நேரமா? நோய்க் காலத்துச் செலவைக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள். ஆனால் அது விதி என்ற கணக்கில் எழுதப்படுகிறது, விலை என்ற கணக்கில் அல்ல.

அமெரிக்காவில் 2015-ல் மார்ட்டின் ஷ்கரெலி என்ற மருந்து நிறுவன முதலாளி டாரப்ரிம் மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து ஒரே இரவில் 750 டாலருக்கு ஏற்றியபோது நாடே அவரைத் திட்டித் தீர்த்தது. ஏனென்றால் திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்தது. இங்கே அப்படி ஒரு முகம் இல்லை. நிறுவனம், மொத்த வியாபாரி, டாக்டர், மருத்துவமனை, கடைக்காரர் என்று ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டுகிறது. யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் காட்டுவார், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

இத்தனைக்கும் இந்த நாட்டில் மருந்து விலைக்கு எதிரான சண்டைகள் நடக்காமல் இல்லை. வெற்றியும் கிடைத்திருக்கிறது. அவற்றில் சில நம் ஊரில் நடந்தவை என்பதுதான் விசேஷம்.

ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தை எடுத்துக்கொள்வோம். நோவார்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள். புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் போட்ட விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டுப் புதுக் காப்புரிமை கேட்கக்கூடாது, நோயாளிக்குக் கூடுதல் பலன் இருக்கிறதென்று காட்ட வேண்டும் என்கிற சட்டப்பிரிவு 3(டி)தான் காரணம். அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது சென்னை உயர்நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் நோவார்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. எதிர்த்து வாதாடியவர்களில் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. உலகம் முழுக்கக் கவனித்த தீர்ப்பு அது. அந்த வாரம் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் அதைப் பேசியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் கதையும் அப்படித்தான். பேயர் நிறுவனம் மாதத்துக்கு ஏறக்குறைய 2.8 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் அரசு நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தது, அதாவது காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தைத் தயாரித்து விற்கும் உரிமை. விலை 8,880 ரூபாய் ஆனது. மேல்முறையீட்டை விசாரித்தது அப்போது சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில். உரிமத்தை உறுதிசெய்து, நாட்கோவின் விற்பனையில் பேயருக்கான பங்கை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார்கள். இந்தியா இதுவரை ஒரு மருந்துக்குக் கொடுத்த கட்டாய உரிமம் இது ஒன்றே.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் விலை குறைந்ததற்குப் பின்னால் இருந்தவர் டெல்லி வழக்கறிஞர் பீரேந்தர் சங்வான். தெரிந்தவர் வீட்டில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது விலையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வழக்குப் போட்டார். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது. அதற்கு முன் சராசரியாக 1.2 லட்சம். 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அரசு சொன்னவுடன், பல மருந்துகளின் எம்.ஆர்.பி. பாதிக்கும் கீழே விழுந்தது. விலையைத் தயாரிப்புச் செலவு தீர்மானிக்கவில்லை, இடையில் இருந்த லாபம்தான் தீர்மானித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரி, ஒரு நீதிபதி, ஒரு வழக்கறிஞர், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில நோயாளர் அமைப்புகள். பொதுமக்கள் என்று சொல்லும்படி யாரும் இல்லை. கட்டுப்பாடு என்றாலே நல்லது என்பதும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். விலையை ரொம்ப அழுத்தினால் நிறுவனங்கள் அந்த மருந்தையே செய்யாமல் விட்டுவிடும். 2024 அக்டோபரில் பென்சிலின் ஊசி, லித்தியம், சால்பூட்டமால் உள்ளிட்ட எட்டு மருந்துகளின் உச்சவரம்பை மருந்து விலை ஆணையமே 50 சதவீதம் ஏற்ற வேண்டிவந்தது.

இனி தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு காரணம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே முன்மாதிரி. ஜி.எச். முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வேண்டிய மருந்துகளை மூலப்பெயரில் பட்டியலிட்டு, திறந்த ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்குகிறது. வரும் சரக்கில் மாதிரி எடுத்து வெளி ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. தேறாவிட்டால் நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் வைக்கிறது. மாவட்டக் கிடங்குகளிலிருந்து மருத்துவமனைகள் பாஸ்புக் வைத்து எடுத்துக்கொள்கின்றன. கேரளம் இதைப் பார்த்துத் தன் கழகத்தை அமைத்தது, ராஜஸ்தான் 2011-ல் இலவச மருந்துத் திட்டத்தையே இதை வைத்துத் தொடங்கியது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

கழகம் வாங்கும் விலை, அதே மருந்தின் கடை விலையில் ஒரு சிறு பங்குதான். அதாவது, தரப் பரிசோதனையும் செய்து, நிறுவனத்துக்கும் லாபம் கொடுத்து, எவ்வளவு குறைந்த விலைக்கு ஒரு மாத்திரையை வாங்க முடியும் என்பதற்கான ஆதாரம் முப்பது ஆண்டுகளாக நம் அரசின் கையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த விலை தெருமுனை மெடிக்கலின் எம்.ஆர்.பி.யோடு எங்கேயும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. தினமும் இருநூறு ரூபாய் மருந்து வாங்க முடியாதவர் ஜி.எச். வரிசையில் நின்று இலவசமாக வாங்கிக்கொள்கிறார், விலையே தெரியாதவர் எதற்குக் கோபப்படுவார்? காசு கொடுத்து வாங்குகிற நடுத்தர வர்க்கத்துக்கோ அது "கவர்மென்ட் மாத்திரை". வேலைக்காரம்மாவுக்கு வருகிற மாத்திரையும் தான் வாங்குகிற மாத்திரையும் ஒரே வேதிப்பொருள் என்று அவர்களிடம் சொன்னால் சங்கடப்படுவார்கள். சத்தம் போடக்கூடியவர்கள் ஒரு பக்கம், மலிவு விலையின் ருசி தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். நல்ல திட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது சேர வேண்டிய இரண்டு கூட்டங்களைப் பிரித்தும் வைத்திருக்கிறது.

மலிவு மாத்திரை மேல் இருக்கும் அவநம்பிக்கையை வெறும் பந்தா என்று தள்ளவும் முடியாது. போலி மருந்து, தரமற்ற மருந்து பற்றிய செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. 48 சதவீதத்துக்கும் மேல் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் அதில் இருந்தது. ஆனால் கவனியுங்கள், கோல்ட்ரிஃப் மூலப்பெயரில் விற்ற மருந்து அல்ல. பிராண்ட் பெயரோடு வந்த மருந்து, டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்து. பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தரத்துக்கான காப்பீடு என்ற நம்பிக்கை அங்கே உதவவில்லை. மருந்து ஆலைகள் நிறைந்த இமாச்சலத்தின் பத்தி (Baddi) போன்ற ஊர்களில் ஒரே ஆலையில் பல நிறுவனங்களுக்கான மாத்திரைகள் தயாராகி வெவ்வேறு அட்டைகளில் வெளிவருவதும் வழக்கம். தரத்தை உறுதிசெய்ய வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. அந்த வேலையை நாம் பிராண்ட் பெயரிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்திருப்பதாக அரசின் சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லது. 39 என்பதும் கொஞ்சமல்ல. காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் கைகொடுக்கும். ஆயுள் முழுக்க மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீடு வராது. கடைசிவரை நச்சரிப்பது அந்தச் செலவுதான், ஆயிரம் இரண்டாயிரமாக, கோபம் வரும் அளவுக்குப் பெரிதாகாமல்.

2008-ல் தொடங்கி 2023-ல் பத்தாயிரத்தைத் தாண்டிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு ஒரே நாளில் திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் இந்தச் செலவைக் குறிவைத்து வந்தவைதான். போய் வாங்கியவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும், பல மாத்திரைகள் பாதி விலைக்கும் கீழே. ஆனால் அங்கே வருபவர் கையிலும் பிராண்ட் பெயர் எழுதிய சீட்டுதான் இருக்கிறது. அதைப் பார்த்து, இது இன்ன மருந்து, இன்ன அளவு என்று மருந்தாளுநர் கண்டுபிடித்து, அதே வேதிப்பொருளை எடுத்துக் கொடுக்கிறார். 65-வது விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் அவர் அப்படிக் கொடுக்கக்கூடாது. அரசே திறந்த கடையில், அரசே போட்ட விதியைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் மலிவு மருந்து நோயாளி கைக்குப் போகிறது. விதியைத் திருத்தச் சொல்லி இதுவரை எந்தக் கட்சியும் மறியல் அறிவிக்கவில்லை.